எட்டு மணி நேரம் ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பது: கயாக் துணைக்குப் போக விரும்புபவருக்கு

நியூஜெர்சிக்குக் குடிவந்து இரண்டு வருடமாகக் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான சிறு படகு) ஓட்டுகிறீர்கள். மன்ஹாட்டனைச் சுற்றி நீந்துபவர்களுக்குத் துணையாகத் தன்னார்வலர்கள் கயாக்கில் போவதைக் கேள்விப்பட்டு, நானும் போகலாமா, கையில் எவ்வளவு வலு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்கும் மேலாக இந்த வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

தாராளமாகப் போகலாம். நல்ல துணைக்கு எப்போதும் தட்டுப்பாடுதான்.

கை வலுவை முதலில் பேசிவிடுவோம், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீண்ட தூரம் நீந்துபவர் ஓட்டம் இல்லாத தண்ணீரில் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் போவார். சும்மா தட்டிவிட்டாலே கயாக் 5, 6 போகும். அதனால் அவரோடு ஈடுகொடுப்பது கஷ்டமே இல்லை. மெதுவாகப் போவதுதான் கஷ்டம். அந்த வேகத்தில் சுக்கான் பிடிக்காது. காற்றடித்தால் அணியம், அதாவது கயாக்கின் முன்முனை, திரும்பிக்கொள்ளும். இரண்டு தடவை துடுப்புப் போட்டு, நிறுத்தி, கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி போட்டு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் கை வலிக்காது, இடுப்பு வலிக்கும். அதனால் நீங்கள் பழக வேண்டியது நீண்ட நேரம் உட்காருவதும், நத்தை வேகத்தில் நேராகப் போவதும்.

மன்ஹாட்டன் சுற்று 28.5 மைல், அதாவது 45.9 கிலோமீட்டர். வழியில் 20 பாலங்கள், நீச்சலுக்குப் பெயரே அதுதான். தெற்கு முனையில் பேட்டரி என்ற பூங்கா பக்கம் ஆரம்பித்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், ஈஸ்ட் ரிவரில் ஏற்றத்தோடு, அதாவது கடல் ஓதம் பொங்கி ஏறும் ஓட்டத்தோடு, மேலே போவார்கள். ஹெல் கேட் பக்கம் திரும்பி ஹார்லெம் ஆறு. அதன் வடமுனையில் ஸ்பைட்டன் டைவில் ரயில் பாலம். அங்கிருந்து ஹட்சன் ஆற்றுக்குள் இறங்கி, வற்றத்தோடு, அதாவது ஓதம் வடியும் ஓட்டத்தோடு, தெற்கே வருவார்கள். நேரத்தைக் கணக்குப் போட்டு இறக்கிவிட்டால் ஓதமே பாதித் தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் இவ்வளவு தூரத்தை 7, 8, 9 மணி நேரத்தில் முடிக்கிறார்கள். ஹட்சனுக்கு இங்கே முன்பு வாழ்ந்த பூர்வகுடிகள் வைத்த பெயருக்கு இரண்டு பக்கமும் ஓடும் ஆறு என்று பொருள் சொல்வார்கள். நியூயார்க்கிலிருந்து வடக்கே ட்ராய் நகரம் வரை ஓதம் ஏறும் ஆறு அது.

ஒவ்வொரு நீச்சல்காரருக்கும் ஒரு மோட்டார் படகு, அதில் ஒரு கண்காணிப்பாளர், தண்ணீரில் ஒரு கயாக். படகு கொஞ்சம் தள்ளியே வரும், புகை நீந்துபவர் மூக்கில் போகக்கூடாது என்பதற்காகக் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வரும். கயாக்தான் பக்கத்தில். நம் ஊரில் பாக் நீரிணையைக் கடப்பவர்களுக்குப் படகுதான் பழக்கம். குற்றாலீஸ்வரன் 1994ல் கடந்ததைப் பேப்பரில் படித்து வளர்ந்தவன் நான். அப்போது கயாக் என்ற சொல்லையே கேட்டதில்லை. ஆங்கிலக் கால்வாயிலும் பெரும்பாலும் படகுதான். மன்ஹாட்டன், கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவுக் கால்வாய் போன்ற இடங்களில்தான் கயாக் துணை இவ்வளவு முக்கியம்.

இப்போது வேலைக்கு வருகிறேன். நீந்துபவரின் கண் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. அவருக்குக் கரை தெரியாது, பாலம் தெரியாது, எதிரே வரும் படகு தெரியாது. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் தெரிவது உங்கள் முகம் மட்டும். அவர் வழி பார்த்து நீந்துவதில்லை, உங்களைப் பார்த்து நீந்துகிறார். அதனால் நீங்கள் வளைந்தால் அவரும் வளைவார். எட்டு மணி நேரத்தில் நீங்கள் வளைந்த வளைவெல்லாம் சேர்ந்து அவர் தோளில் கூடுதல் தூரமாக ஏறும். அவரை இடது பக்கம் நகர்த்த வேண்டுமா? கத்த வேண்டாம். நீங்கள் மெல்ல இடது பக்கம் விலகினால் போதும், பின்னாலேயே வருவார்.

எங்கே இருக்க வேண்டும் என்றால், அவர் மூச்சு வாங்கும் பக்கத்தில். இதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வாங்குபவராக இருந்தாலும், களைத்த பிறகு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். மூன்று நான்கு மீட்டர் இடைவெளி. அவர் தலை உங்கள் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். நீங்கள் முன்னால் போய்விட்டால் உங்களைப் பார்க்க அவர் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை முன்னால் தூக்குவார். பின்தங்கினால் உங்களைக் காணாமல் பயப்படுவார். காற்று உங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கம் அடித்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் உணவு கொடுக்க நிற்கும் அரை நிமிடத்தில் கயாக் அவர் மேல் போய் இடித்துவிடும்.

உணவு என்றேன். இங்கே எல்லோரும் ஃபீடு என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். சிலர் நடுவில் வாழைப்பழம் கேட்பார்கள், சிலர் காஸ் போன கோக் கேட்பார்கள். பாட்டிலின் கழுத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். நேரம் நெருங்கும்போது பாட்டிலைத் தூக்கிக் காட்டுவீர்கள். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் கயாக்கை நிறுத்தி, அவர் கைக்கு முன்னால் தண்ணீரில் பாட்டிலைப் போடுவீர்கள், தலையில் விழாமல். அவர் மல்லாந்து குடிப்பார். அந்த நேரம் முழுக்கக் கயிறு தொய்ந்தே இருக்க வேண்டும். கயிறு விறைத்தால் அவரை நீங்கள் இழுப்பதாக ஆகிவிடும், நீச்சல் செல்லாமல் போகலாம். இருபது முப்பது நொடியில் பாட்டிலைக் கையைவிட்டு விடுவார். நீங்கள் கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டு, நேரத்தையும் எவ்வளவு குடித்தார் என்பதையும் சொல்லிப் படகில் குறிக்கவைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் அதையும். சிறுநீர் போயிற்றா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான். நாலு மணி நேரமாகப் போகவில்லை என்றால் அது தகவல்.

ஒரு விஷயம், பாட்டிலைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்யுங்கள். நியூயார்க்கில் பல இடங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை பெய்தால் நிரம்பி ஆற்றில் கலக்கும். துடுப்பு வழியாக அந்தத் தண்ணீர் உங்கள் கையில் எப்போதும் இருக்கும். சின்ன சானிடைசர் பாட்டிலைக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீடு நேரத்தில் என்ன பேசுவது? ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் உடம்பு குளிரும், ஓட்டம் எங்கேயோ இழுக்கும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்வோம். ஆனால் அது பொய்யாகப் போனால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார். தூரம் சொல்லவா வேண்டாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிலருக்கு அடுத்த பாலத்தின் பெயர் மட்டும் போதும்.

இந்த வேலையின் சாரம் ஃபீடுக்கும் ஃபீடுக்கும் நடுவில் இருக்கும் அரை மணி நேரம். அப்போது நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டி. தண்ணீர் கொதிப்பது போல வெப்பம், 30 டிகிரி சுமார். ஃப்ரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர், வயது 26, முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் மூழ்கிப் போனார். அவர் மூழ்கியதை யாரும் பார்க்கவில்லை. கரையேறிய பிறகு சக வீரர் ஒருவர்தான் அவரைக் காணோம் என்று முதலில் கவனித்தார். உடல் கிடைக்க இரண்டு மணி நேரம் போல ஆனது. உலகத் தரத்தில் நீந்துபவர், பகல் வெளிச்சம், பந்தயம் நடக்கும் இடம். அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் சர்வதேச நீச்சல் சம்மேளனம் திறந்த நீர்ப் போட்டிகளுக்கு 31 டிகிரி என்று மேல் வரம்பு வைத்தது. நான் ஒவ்வொரு தடவை கயாக்கை இறக்கும்போதும் அந்த நாளை நினைத்துக்கொள்கிறேன்.

பார்ப்பது என்றால் என்ன பார்ப்பது? கைவீச்சை எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை கை தண்ணீரில் விழுகிறது என்று முதல் மணி நேரத்திலேயே எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேருக்கு 60க்கும் 75க்கும் நடுவில் இருக்கும். அவரவருக்கு ஒரு எண், அது கடிகாரம் மாதிரி நிற்கும். ஒவ்வொரு அரை மணிக்கும் எண்ணுங்கள். இரண்டு மூன்று குறைந்தால் களைப்பு. ஏழெட்டு குறைந்து திரும்ப ஏறவே இல்லை என்றால் உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கலாம். அப்புறம் கை விரல்களைப் பாருங்கள். சேர்ந்திருந்த விரல்கள் பிரிந்து, நண்டின் கால் மாதிரி விறைத்திருந்தால் குளிர். இடுப்பு இறங்கிக் கால் கீழே தொங்கினால் குளிர். உதட்டு நிறம், பேச்சுக் குழறல், ஃபீடில் பாட்டில் மூடியைத் திறக்கத் தடுமாறுவது, காரணமே இல்லாமல் உங்கள் மேல் எரிச்சல். எரிச்சலும் ஒரு அறிகுறிதான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ஒரு தடவை தவறிவிட்டேன். நியூயார்க்கின் ப்ரைட்டன் பீச்சில் மே மாதம், தண்ணீர் 14 டிகிரி. ஆங்கிலக் கால்வாய்க்குப் போகும் முன் 16 டிகிரிக்குக் கீழே ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். அதற்காக ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா நீந்தினார். முதல் மணி நேரம் 64. மூன்றாவது மணியில் 60. நான்காவது மணிக்குக் கொஞ்சம் முன்னால் எண்ணினேன், 55. களைப்பாக இருக்கும், அடுத்த ஃபீடில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் கேட்டு வாங்கிய வாய்ப்பு, நான் அவசரப்பட்டுக் கெடுக்கக்கூடாது என்று நினைப்பு. அடுத்த ஃபீடில் பாட்டிலை வாங்கியவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் நாய்க்கு என்ன பேர் என்று கேட்டேன், முதல் நாளே பேசிவைத்த கேள்வி அது. அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து "அது வீட்டில் இருக்கிறது" என்றார். உடனே விசில் அடித்துப் படகைக் கூப்பிட்டேன், ஏற்றிவிட்டார்கள். போர்வை, சூடான தண்ணீர்ப் பாட்டில், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அடுத்த வருடம் திரும்ப வந்து ஆறு மணி நேரத்தை முடித்தார். அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் 55 என்று எண்ணிய நிமிடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். அரை மணி நேரம் அவரைக் குளிரில் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எண் விழுந்தால் ஃபீடுக்காகக் காத்திருப்பதில்லை.

யோசிக்கவைக்கும் கேள்வி ஒன்றை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், மயங்கி விழப்போகிறவர் உட்பட.

தொடக்கூடாது என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்வாய், மன்ஹாட்டன் போன்ற தனிநபர் நீச்சலில் யாரையும், எதையும் பிடித்து மிதக்கக்கூடாது. பிடித்தால் முடிந்தது. 1925 ஆகஸ்டில் கெர்ட்ரூட் எடர்லி ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது, அவர் மூழ்குகிறார் என்று பயிற்சியாளர் நினைத்து, கூட இருந்த நீச்சல் வீரரிடம் அவரைப் பிடிக்கச் சொன்னார். நான் ஓய்வுதான் எடுத்தேன் என்று எடர்லி கடைசிவரை சொன்னார். முயற்சி அதோடு போனது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 6 அன்று கடந்தே விட்டார், கால்வாயைக் கடந்த முதல் பெண், அதுவும் அதுவரை இருந்த ஆண்களின் சாதனையைவிடச் சுமார் 2 மணி நேரம் குறைவாக. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் புதிதாக வருபவர்கள் தொடவே பயப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படகில் இருக்கும் கண்காணிப்பாளரோடு சேர்ந்து முடிவெடுங்கள், அதுதான் முறை. ஆனால் அவர் தலை தண்ணீருக்குள் போய் மேலே வரவில்லை என்றால், யாரையும் கேட்க வேண்டாம், பிடியுங்கள். நீச்சலை இன்னொரு நாள் நீந்திக்கொள்ளலாம். இதை நீச்சல்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சரி என்று ஒத்துக்கொள்ளாதவருக்கு நான் போவதில்லை.

குறுந்தூரப் போட்டிகளும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானும் வேறு மாதிரி. அங்கே உங்களுக்கு ஒரு ஆள் கிடையாது, ஒரு பகுதி. அந்தப் பகுதியில் போகும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முன்னேறாமல் கயாக்கைப் பிடித்து மூச்சு வாங்க அங்கே அனுமதி உண்டு. யாராவது கையைத் தூக்கினால் அணியத்தை நீட்டுங்கள். முன்முனையில் இருக்கும் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தொற்றவிட்டால் பதற்றத்தில் உங்களையும் கவிழ்த்துவிடுவார். ஆரம்பிப்பதற்கு இதுதான் சரியான இடம். முதல் பருவத்தில் ஏரியில் நடக்கும் 1 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் போட்டிகளுக்குப் போங்கள். கவிழ்ந்தால் தண்ணீரில் இருந்தபடியே திரும்ப ஏறத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொருவர் கயாக்கைக் காலி செய்து கொடுக்கவும் தெரிய வேண்டும். அப்புறம் தனிநபர் நீச்சல். பழகியவர் ஒருவரோடு இரண்டாவது கயாக்காகப் போவது ரொம்ப உதவும். மன்ஹாட்டனில் பியர் 26ல் டவுன்டவுன் போட்ஹவுஸ் என்று இலவசமாகக் கயாக் விடும் இடம் உண்டு, நடத்துபவர்கள் எல்லோருமே தன்னார்வலர்கள். நான் ஆட்களைப் பழகிக்கொண்டது அந்த மாதிரி இடங்களில்தான்.

கேட்டலினா உங்கள் மனதில் இருந்தால், அதற்கு அவசரம் வேண்டாம். 32 கிலோமீட்டர், பெரும்பாலும் நள்ளிரவு பக்கம் ஆரம்பிப்பார்கள், மறுநாள் மதியம் காற்று எழும் முன் கரை சேர. 1927ல் நடந்த முதல் பந்தயத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கி, ஜார்ஜ் யங் என்ற 17 வயதுப் பையன் ஒருவர்தான் முடித்தார், 15 மணி 44 நிமிடத்தில். இருட்டில் நீந்துபவரின் தலையில் ஒரு சின்ன விளக்கு, உங்கள் கயாக்கில் ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான் தெரியும். கையை வைத்தால் தண்ணீர் நீல வெளிச்சமாகத் தெறிக்கும், சொல்லி மாளாது அந்த அழகு. ஆனால் தொடுவானம் தெரியாத இருட்டில் மெதுவாகப் போகும் கயாக்கில் குமட்டல் வரும். குமட்டலோடு எண்ண முடியாது. இரவில் நாலு மணி நேரம் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அதற்குப் பெயர் கொடுங்கள்.

உடமைகள்: லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்க வேண்டும், பின்னால் கட்டி வைக்கக் கூடாது. விசில், படகுகளோடு பேசத் தண்ணீர் புகாத விஎச்எஃப் ரேடியோ, அவசரத்துக்கு 16ஆம் சானல். இழுக்கும் கயிறு, கத்தி. உங்களுக்கென்று தனியாகத் தண்ணீரும் சாப்பாடும். அவருக்குக் கொடுப்பதிலேயே கவனமாக இருந்து தான் குடிக்க மறந்துபோய் மயக்கம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் எலுமிச்சை சாதத்தை உருண்டையாகப் பிடித்து ஃபாயிலில் சுற்றிக்கொண்டு போவேன், ஒரு கையால் சாப்பிடலாம். சிறுநீருக்கு அகன்ற வாய் பாட்டில், பெண்களுக்கென்று தனிப் புனல் கிடைக்கிறது. தண்ணீரில் இறங்குவதிலிருந்து கயாக்கைக் கழுவி வண்டியில் ஏற்றுவது வரை பத்துப் பதினொரு மணி நேரம், எனவே இதைத் தள்ளிப்போட முடியாது. பேட்டரி பக்கம் ஃபெரி அலை வரும்போது அவருக்கு முன்கூட்டியே சைகை காட்டுங்கள். மூச்சு வாங்கும் பக்கம் அலை அடித்தால் வாய் நிறையத் தண்ணீர் போகும். மின்னல் தெரிந்தால் பேச்சே இல்லை, எல்லோரும் மேலே.

இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். நீந்தத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்து ஏரிக்குக் கூட்டிப் போங்கள். நீந்த அனுமதி உள்ள ஏரியாகப் பாருங்கள். ஒரு மணி நேரம் அவர் நீந்தட்டும், நீங்கள் பக்கத்தில் போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைவீச்சை எண்ணி எழுதுங்கள், நடுவில் ஒரு ஃபீடு கொடுங்கள். கரைக்கு வந்ததும் அவரிடம் கழுத்து வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்றால் நீங்கள் முன்னால் போயிருக்கிறீர்கள்.